தேதி போட்டு எழுதுங்கள்!

ஆனந்தரங்கப் பிள்ளை சென்னைப் பெரம்பூரில் 1709-ல் பிறந்தவர். புதுவையில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சிடம் துபாஷாக இருந்தார்.

1736 முதல் 1761 வரை அவர் நாட்குறிப்பு எழுதினார். கண்டது, கேட்டது, கப்பல் வந்தது எல்லாவற்றையும் தேதி போட்டு, பேச்சுத் தமிழில் எழுதினார். சரித்திர ஆசிரியர்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக் குடும்பங்களும் இப்படி எழுதலாமே!

2015 டிசம்பரில் பெருமழை கொட்டியது. ஏரிகள் நிரம்பின. உங்கள் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நின்றது? எழுதி வைத்தவர் எத்தனை பேர்?

நாளை வீடு கட்டும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரி உதவும். தரையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இலக்கணம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே எழுதுங்கள். அதுதான் படிக்கத் தகுந்த எழுத்து!