மான் கேட்டுச்சா முறுக்கு?

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். போன டிசம்பரில் முதுமலையில் மானுக்கு பிஸ்கட் போட்டவர்களில் அடியேனும் ஒருவன்.

செமஸ்டர் பரீட்சை முடிந்த கையோடு மாமாவின் வேனில் ஒன்பது பேர் கிளம்பினோம். ஊட்டிக் குளிருக்குப் பாட்டி ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர். கூடலூர் இறங்கி தெப்பக்காடு தாண்டியதும் ரோட்டோரம் ஒரு கூட்டம் புள்ளிமான்! மாமா பிரேக் போட்டார். (காட்டுக்குள் வண்டியை நிறுத்தாதே என்று போர்டு இருக்கத்தான் செய்கிறது. போர்டை எல்லாம் யார் படிக்கிறது?)

பாட்டி முறுக்கை உடைத்துப் போட, நான் பிஸ்கட்டை நீட்டினேன். கிளைக்கொம்போடு ஒரு கடா மான் கைக்கெட்டும் தூரத்துக்கே வந்துவிட்டது. தங்கச்சிக்கு சந்தோஷம் தாங்கலை. அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு லாரி, ஹாரன் அடித்தபடி. மான் மிரண்டு ரோட்டுக்குக் குறுக்கே ஒரே தாவு... ஒரு முழ இடைவெளியில் தப்பியது. டயர் கிறீச்சிட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அங்கே வந்த வனக்காவலர் திட்டவில்லை. "மான் உங்ககிட்ட கேட்டுச்சா முறுக்கு?" என்றார். அபராதம் கட்டினோம்.

வேனில் பாட்டிக்கு ஒரே ஆற்றாமை. "வாயில்லா ஜீவனுக்கு ஒரு வாய் போட்டா பாவமாடா?"

நியாயமான கேள்விதான். ஊருக்கு வந்து, விஷயம் தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். டீசல் இன்ஜினில் பெட்ரோலை ஊற்றினால்? ஊற்றியவன் நல்ல மனசுக்காரன் என்பதற்காக இன்ஜின் ஓடிவிடுமா? மானும் மாடு மாதிரி அசை போடும் பிராணி. வயிற்றில் நான்கு அறை. முதல் அறையில் இருக்கும் நுண்ணுயிர்கள் புல்லையும் இலையையும் நொதிக்க வைத்துத்தான் அதற்குச் சத்தாக்கித் தருகின்றன. அங்கே திடீரென்று மாவும் சர்க்கரையும் நிறைய விழுந்தால் லாக்டிக் அமிலம் பெருகி வயிறு புளித்துப்போகும். மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் பனிக்காலத்தில் இரக்கப்பட்டு மக்காச்சோளம் கொட்டுகிறார்கள்; வயிறு நிறைந்த மான் செத்துக் கிடக்கிறது!

ஒரு பிஸ்கட்டில் சாகுமா என்பீர்கள். சாகாது. ஆனால் லீவு நாளில் நம்ம வேன் மட்டுமா நிற்கிறது? ரோடு என்றால் தீனி என்று மான் ஒருமுறை படித்துக்கொண்டால், அடுத்த லாரி ஒரு முழம் விடுமா? கவரோடு வீசுகிறவர்களை என்ன சொல்ல! சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் செத்த மான்களின் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக் எடுத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் மார்கழியில் முதுமலை மானுக்குப் பஞ்சமே கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைத்த புல் இருக்கும். காடு காய்வதே தை, மாசிக்கு மேல்தான்.

மறுநாள் காலை வனத்துறை வேனில் போனோம். கையில் ஒன்றும் இல்லை. மரத்து மேலே சாம்பல் மந்திகள் இலையைப் பாதி தின்று பாதியைக் கீழே போட, மான்கள் நிதானமாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன. திடீரென்று ஒரு மான் வாலைத் தூக்கி, முன்னங்காலைத் தரையில் தட்டி, கீச்சென்று ஒரு குரல் கொடுத்தது. அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பின. புலியா, சிறுத்தையா, ஒன்றும் தெரியவில்லை. வேனுக்குள் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. பிஸ்கட் நீட்டியபோது இதில் எதையும் நான் பார்க்கவில்லை.

பாட்டிதான் கடைசியில் வாயைத் திறந்தார்: "அந்தக் குரங்கும்தான் போடுது. அதுக்கு ஏன் யாரும் ஃபைன் போடலை?"

"அது இலை போடுது பாட்டி, முறுக்கு போடலை" என்றேன்.