முக்கொம்பா? மேலணையா?

முக்கொம்பு தெரியாத திருச்சி ஸ்டூடன்ட் உண்டா? சண்டே ஆனா அங்கதானே ஜாகை! காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியுற அந்த இடத்துக்கு அரசு ஆவணங்களில் பெயர் வேற: மேலணை. 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டியது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் பக்கம் 9 மதகுகள் உடைஞ்சப்போ செய்திகளில் ரெண்டு பெயருமே அடிபட்டது. ரெண்டும் ஒண்ணுன்னு தெரியாத வெளியூர்க்காரர் கண்டிப்பா குழம்பியிருப்பார்.

அந்த வெளியூர்க்காரர்தான் உங்க புராஜெக்டில் உட்கார்ந்திருக்கும் 'லின்டர்'. புரோகிராமை ஓட்டாமலே படிச்சுப் பார்த்து, தப்பைச் சுட்டிக்காட்டுற சாஃப்ட்வேர். சட்டையில ஒட்டுற பஞ்சுத் துணுக்குக்கு இங்கிலீஷ்ல 'லின்ட்'. அந்தப் பெயரை 1978-ல் பெல் லேப்ஸின் ஸ்டீபன் ஜான்சன் தன் சி மொழிக் கருவிக்கு வச்சார். ஜாவாஸ்கிரிப்டுக்கு 2013-ல் நிக்கோலஸ் ஜகாஸ் ஆரம்பிச்சது ஈஎஸ்லின்ட்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். ஃபைலை இம்போர்ட் பண்ண '../../../' என்று படிப்படியா மேலே ஏறுறது பேஜார். அதனால வீட் அல்லது வெப்பேக் செட்டிங்கில் '@' என்றால் 'எஸ்ஆர்சி' ஃபோல்டர்னு ஒரு செல்லப் பெயர், அதாவது ஏலியாஸ், வைப்போம். புரோகிராம் ஜம்முனு ஓடும். ஆனா லின்டர் மட்டும் ஒவ்வொரு இம்போர்ட்டுக்கும் 'இப்படி ஒரு இடமே இல்லை'ன்னு சிவப்புக் கோடு போடும். பஸ் டிரைவருக்கு ரூட் தெரியும்; செக்கர் கையில இருக்கிற லிஸ்ட்ல அந்த ஸ்டாப் இல்லை. அவ்வளவுதான் பிரச்னை.

நம்மாளு என்ன செய்வான்? 'இம்போர்ட்/நோ-அன்ரிசால்வ்டு' என்கிற அந்த ரூலையே ஆஃப் பண்ணிடுவான். கோடு போயிடும், ஆபத்து தங்கிடும்! ஃபைல் பெயர் பெரிய 'பி'யில் ஆரம்பிக்குது, நீங்க சின்ன 'பி' அடிச்சிட்டீங்கன்னு வைங்க. விண்டோஸ் லேப்டாப் ரெண்டையும் ஒண்ணாத்தான் பார்க்கும், எல்லாம் ஓகே. லினக்ஸ் சர்வரில் ஏத்தினா 'ஃபைல் இல்லை'ன்னு நின்னுடும். அதுவும் டெமோவுக்கு முந்தின ராத்திரி! இந்தத் தப்பை விண்டோஸிலேயே பிடிச்சுக் கொடுக்கிறது நீங்க ஆஃப் பண்ணின அதே ரூல்தான்.

சரி, செக்கருக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது?

* 'ஈஎஸ்லின்ட்-இம்போர்ட்-ரிசால்வர்-ஏலியாஸ்' என்கிற பேக்கேஜை என்பிஎம் மூலமா போட்டுக்குங்க.

* ஈஎஸ்லின்ட் கான்ஃபிக் ஃபைலில் 'செட்டிங்ஸ்', அதுக்குள்ள 'இம்போர்ட்/ரிசால்வர்', அதுக்குள்ள 'ஏலியாஸ்'. அங்கே 'மேப்' பகுதியில் '@'-க்கு நேரா 'எஸ்ஆர்சி' ஃபோல்டரின் பாதையைக் கொடுங்க.

* பக்கத்திலேயே 'எக்ஸ்டென்ஷன்ஸ்' லிஸ்ட்ல .ஜேஎஸ்ஸோட .ஜேஎஸ்எக்ஸையும் சேருங்க. ரியாக்ட் பசங்க பாதிப் பேர் கோட்டை விடுறது இங்கதான்.

* வெப்பேக், டைப்ஸ்கிரிப்ட் ஆட்களுக்குத் தனித்தனி ரிசால்வர் இருக்கு. நீங்க ஏற்கெனவே எழுதி வச்ச செட்டிங்கை அதுவே படிச்சுக்கும். ரெண்டு இடத்துல எழுதுற வேலை மிச்சம்.

ஒரு எச்சரிக்கை: 2024-ல் வந்த ஈஎஸ்லின்ட் 9-லிருந்து கான்ஃபிக் எழுதுற முறையே மாறிடுச்சு. சீனியர் கொடுத்த பழைய ஃபைலை அப்படியே காப்பி அடிச்சா வேலைக்கு ஆகாது.

கோடு மறைஞ்சதும் துள்ளிக் குதிக்காதீங்க. வேணும்னே இல்லாத ஃபைல் பெயர் ஒண்ணை '@' போட்டு இம்போர்ட் பண்ணிப் பாருங்க. சிவப்புக் கோடு வந்தா, செக்கர் ரூட் கத்துக்கிட்டார். வரலைன்னா, அவர் சீட்ல தூங்குறார்னு அர்த்தம்!