எண்ணிக்கை குறைந்தால் பரிசோதனையும் தடுமாறும்

சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் தன் பதினாறு வயது மகளுடன் மார்க்கத்திலுள்ள என் சிகிச்சை நிலையத்துக்கு வந்தார். கையில் வேறோர் இடத்தில் செய்த இரத்தப் பரிசோதனை அறிக்கை. பிளேட்லெட் எண்ணிக்கை 62. கீழே, “செயற்பாடு அசாதாரணம்” என்று ஒரு வரி. “டொக்டர், பிள்ளைக்குப் பரம்பரை வருத்தமோ? ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ” என்றார்.

அந்த வரியை நம்பிக் கலங்கவும் வேண்டாம், அதைத் தூக்கி எறியவும் வேண்டாம் என்பதே என் கருத்து.

பிளேட்லெட் எனப்படும் குருதிச் சிறுதட்டுகள் காயத்தில் ஒட்டி இரத்தத்தை நிறுத்துபவை. சாதாரண அளவு 150 முதல் 400 வரை. கனடாவில் 62 என்று எழுதுவதையே ஊரில் 62,000 என்று எழுதுவார்கள்.

எண்ணிக்கை வேறு, திறன் வேறு. திறனை அறிய, சிறுதட்டுகள் நிறைந்த பிளாஸ்மாவினூடாக ஒளியைப் பாய்ச்சுவார்கள். தூண்டும் பொருளைச் சேர்த்ததும் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும், கலங்கல் தெளியும், கூடுதல் ஒளி ஊடுருவும். சிறுதட்டுகளே குறைவென்றால் தெளிவதற்குக் கலங்கல் ஏது? பத்துப் பேர் வடம் பிடித்துத் தேர் நகரவில்லை என்றால், அவர்கள் பலவீனர்கள் என்று சொல்லலாமா?

பி.எவ்.ஏ-100 என்ற கருவியும் இப்படித்தான். எண்ணிக்கை 100க்குக் கீழே போனால் அதன் முடிவை நம்புவது கடினம். கடும் இரத்தசோகையும் அதைக் குழப்பும். அதிக மாதவிடாயால் வாடும் நம் பெண்கள் பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

இதற்கு வழி தேடியவர்கள் நமக்கு அருகிலேயே இருக்கிறார்கள். ஹமில்ரன் மக்மாஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எண்ணிக்கை குறைந்த மாதிரிகளை எந்த அளவுகளோடு ஒப்பிடுவது என்பதை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். ஆகவே பரிசோதனை வீண் அல்ல; அனுபவமுள்ள ஆய்வுகூடம் வேண்டும். இரத்தம் எடுத்து நான்கு மணித்தியாலத்துக்குள் செய்ய வேண்டும்.

மறுபக்க ஆபத்தும் உண்டு. 1948இல் பாரிஸில் விவரிக்கப்பட்ட பேர்னாட்-சூலியே நோயில் சிறுதட்டுகள் குறைவு, பெரிது, ஒட்டும் திறனும் இல்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்து, உடலின் எதிர்ப்புச் சக்தி சிறுதட்டுகளை அழிக்கும் ஐ.ரி.பி. என்று நினைத்து, ஸ்டீரொய்ட் கொடுத்து, மண்ணீரலையே அகற்றியதும் உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் இந்நோய் நெருங்கிய உறவுத் திருமணங்களில் கூடுதல். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இந்தியாவின் 27 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2011இல் எழுதினார்கள். அரிய நோய்தான், ஆனால் நமக்கு அந்நியமான நோய் அல்ல. மச்சான் மச்சாள் கலியாணம் நம்மிடையே புதிதா?

உங்கள் வைத்தியரிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள். இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தார்களா? பெரிய சிறுதட்டுகளை இயந்திரம் எண்ணாமல் விடும். குழாயில் திரண்டவற்றையும் குறைத்தே காட்டும். பரிசோதனைக்கு முந்திய பத்து நாட்களில் எடுத்த அஸ்பிரின், அட்வில் பற்றிக் கேட்டார்களா? இதயத்துக்கென்று தந்த அஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். மூன்றாவது, ஃபுளோ சைற்றோமெற்றி செய்யலாமா? ஒவ்வொரு சிறுதட்டின் மேற்பரப்பையும் தனித்தனியே பார்ப்பதால், எண்ணிக்கை குறைவாயினும் அது உதவும்.

நீங்கள் சொல்ல வேண்டியவையும் உண்டு. மூக்கால் இரத்தம் வடிதல், முரசில் கசிவு, பல் பிடுங்கியபின் நிற்காத இரத்தம், அதிக மாதவிடாய், குடும்ப உறவு. யுத்த காலத்தில் கருவியும் மருந்தும் இல்லாமல் ஊரில் வேலை செய்த எனக்கு நோயாளியின் கதைதான் முதற் பரிசோதனை. இன்றும் அதுதான்.

அந்தப் பிள்ளையை நிபுணரிடம் அனுப்பியுள்ளேன். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் இரண்டாம் முறை வந்தபோது, தானும் கணவரும் சொந்த மச்சான் மச்சாள் என்று தாய் சொன்னார். நிபுணருக்கு எழுதிய கடிதத்தில் அதைத்தான் முதல் வரியாக எழுதினேன்.