முகக்கவசம்: போட்டது சரி, எறிந்தது எங்கே?

முன்பெல்லாம் ஒருவன் முகத்தை மூடிக்கொண்டு கடைக்குள் வந்தால், கடைக்காரர் கல்லாப் பெட்டியை இறுகப் பிடித்துக்கொள்வார். வந்தவன் திருடனோ என்று பயப்படுவார்.

2020-ம் ஆண்டில் எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது. முகத்தை மூடாமல் வந்தவரைக் கண்டுதான் கடைக்காரர் பயந்தார். "முகக்கவசம் இல்லையா? வெளியே நில்லுங்கள்" என்றார்.

காரணம், கொரோனா. 2019 டிசம்பரில் சீனாவின் ஊகான் நகரத்தில் தலைகாட்டிய நோய் இது. 2020 ஜனவரி 30-ந் தேதி இந்தியாவின் முதல் நோயாளி கேரளத்தில் கண்டுபிடிக்கப்பட்டார். மார்ச் 7-ந் தேதி தமிழ்நாட்டிலும் ஒருவருக்கு நோய் இருப்பது தெரிந்தது. மார்ச் 25-ந் தேதி முதல் நாடே கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தது.

முகக்கவசம் போடுங்கள் என்று சொல்லாதவர் கிடையாது. டாக்டர் சொன்னார். போலீஸ்காரர் சொன்னார். பஸ் கண்டக்டர் சொன்னார். போன் செய்தால், மணி அடிக்கும் முன்பே ஒரு குரல் எச்சரித்தது.

ஆனால், போட்டதைக் கழற்றிய பிறகு என்ன செய்வது? இதைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலரே. அந்தக் கவனக்குறைவின் சுமை யார் தலையில் விழுந்தது?

ஒரு கவசம் 10 ரூபாய்

நோய் வந்த புதிதில் மருந்துக் கடைகளில் கவசம் கிடைக்கவில்லை. கிடைத்த இடத்திலும் விலை தாறுமாறாக ஏறியது.

மத்திய அரசாங்கம் தலையிட்டது. 2020 மார்ச்சில் முகக்கவசத்தை அத்தியாவசியப் பொருள் பட்டியலில் சேர்த்தது. 2 அடுக்குக் கவசம் 8 ரூபாய், 3 அடுக்குக் கவசம் 10 ரூபாய். அதற்கு மேல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது.

10 ரூபாய் சின்னத் தொகையாகத் தோன்றலாம். ஆனால், இந்தக் கவசத்தை ஒரு நாள் போட்டுவிட்டு எறிந்துவிட வேண்டும். வீட்டில் 4 பேர் இருந்தால் தினம் 40 ரூபாய். மாதம் 1,200 ரூபாய். வேலையே இல்லாமல் வீட்டில் முடங்கியிருந்த கூலிக்காரர் என்ன செய்வார்? ஒரே கவசத்தை வாரம் முழுவதும் போட்டார். அது கறுத்து, நைந்து, காதுக் கயிறு அறுந்த பிறகே எறிந்தார்.

இதற்கு ஒரு நல்ல வழி இருந்தது. அதுதான் துணிக் கவசம். வீட்டில் உள்ள பழைய பருத்தித் துணியிலேயே தைத்துக்கொள்ளலாம் என்று 2020 ஏப்ரல் தொடக்கத்தில் அரசாங்கம் சொன்னது. சோப்புப் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்தால் மறுபடியும் போடலாம்.

தையல் மிஷின் இருந்த வீடுகளில் பெண்கள் தைக்கத் தொடங்கினார்கள். பனியன் தைத்த திருப்பூரில் கவசம் தைத்தார்கள். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில், குடும்ப அட்டையில் பெயர் உள்ள ஒவ்வொருவருக்கும் 2 துணிக் கவசம் இலவசமாகக் கொடுக்கும் திட்டமும் வந்தது.

தாடைக்கு ஒன்று, பைக்குள் ஒன்று

கவசத்தை எல்லோரும் ஒரே மாதிரி போடவில்லை.

சிலர் மூக்கை விட்டுவிட்டு வாயை மட்டும் மூடினார்கள். சிலர் தாடையில் மாட்டிக்கொண்டார்கள். போலீஸ்காரரைக் கண்டதும் அது மேலே ஏறும். அவர் போனதும் கீழே இறங்கும். சிலருக்குச் சட்டைப் பைதான் அதன் இருப்பிடம்.

மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் பாடு திண்டாட்டம். மூச்சு விட்டால் கண்ணாடியில் ஆவி படிந்து வழி மறையும். காது கேளாதவர்கள் அதைவிடக் கஷ்டப்பட்டார்கள். எதிரே இருப்பவரின் உதட்டு அசைவைப் பார்த்துத்தான் அவர்களில் பலர் பேச்சைப் புரிந்துகொள்வார்கள். அந்த உதடே மறைந்துவிட்டது.

2021 நவம்பர் 1-ந் தேதி தமிழ்நாட்டில் சிறு வகுப்புகளுக்கும் பள்ளிக்கூடம் திறந்தது. குழந்தைகளுக்கு டீச்சரின் கண் மட்டுமே தெரிந்தது. டீச்சர் சிரிக்கிறாரா, கோபப்படுகிறாரா என்பதைக் கண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கல்யாண வீடுகளில் பட்டுப்புடவைக்குப் பொருத்தமான கவசம் வந்தது. மணமக்கள் பெயர் அச்சிட்ட கவசமும் வந்தது. வெற்றிலை பாக்குத் தட்டுக்குப் பக்கத்தில் கவசத் தட்டு இடம் பிடித்தது.

போடாதவர்களுக்கு அபராதம் உண்டு. தமிழ்நாட்டில் 2020 செப்டம்பரில் அது 200 ரூபாய். 2022 ஜனவரியில் 500 ரூபாயாக உயர்ந்தது.

இப்படி முகத்தின் மேல் இருந்தவரை கவசத்துக்குப் பெரிய மரியாதை. கழற்றியதும் அந்த மரியாதை போய்விட்டது!

அன்று பஞ்சு, இன்று பிளாஸ்டிக்

1910-ம் ஆண்டின் கடைசியில் சீனாவின் மஞ்சூரியா பகுதியில் பிளேக் நோய் பரவியது. அதைத் தடுக்க அனுப்பப்பட்டவர் டாக்டர் ஊ லியன் தே. மலேயாவின் பினாங்குத் தீவில் பிறந்தவர். நோய் மூச்சுக் காற்றின் வழியாகப் பரவுகிறது என்று அவர் சொன்னார். பஞ்சை மெல்லிய துணிக்குள் வைத்து மடித்து, மூக்கையும் வாயையும் மூடிக் கட்டச் சொன்னார்.

மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர் இதை ஏற்கவில்லை. கவசம் இல்லாமலே நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் அவரே பிளேக் நோய்க்குப் பலியானார். பிறகு யாரும் கவசத்தைக் கேலி செய்யவில்லை.

அன்றைய கவசம் பஞ்சும் துணியும். மண்ணில் போட்டால் மட்கிவிடும். இன்று கடையில் விற்கும் கவசம் அப்படிப்பட்டது அல்ல. தொட்டால் துணி போல இருக்கும். ஆனால் அது பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கை உருக்கி, தலைமுடியைவிட மெல்லிய இழைகளாக ஊதி, நடு அடுக்கைச் செய்கிறார்கள். அந்த இழைகளில் மின்னேற்றம் இருக்கும். பறந்து வரும் நுண்ணிய துகளை அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

என்-95 என்ற கவசம் இந்த வகையைச் சேர்ந்தது. நுண் துகள்களில் நூற்றுக்கு 95-ஐயாவது தடுப்பதால் அந்தப் பெயர். சோப்புப் போட்டுத் துவைத்தால் மின்னேற்றம் போய்விடும். பிறகு அது பெயருக்குத்தான் கவசம்.

இங்கேதான் சிக்கல். துணிக் கவசம் மலிவு, துவைக்கலாம். ஆனால் என்-95 அளவுக்குக் காக்காது. என்-95 நன்றாகக் காக்கும். ஆனால் துவைக்க முடியாது, கடைசியில் பிளாஸ்டிக் குப்பை. 2021-ல் இரண்டாவது அலை வீசியபோது உயிர்ப் பயத்தில் ஜனங்கள் பிளாஸ்டிக் கவசத்தை நாடினார்கள். அதைத் தவறு என்று யார் சொல்ல முடியும்? ஆனால் குப்பை பெருகியது.

குப்பை வண்டிக்காரர் கையில்

ஆஸ்பத்திரிக் கவசத்துக்கு ஒரு வழி உண்டு. அதை மஞ்சள் பையில் போட்டுத் தனி வண்டியில் கொண்டுபோய் எரிக்க வேண்டும். நோயாளி இருந்த வீட்டுக்கும் மஞ்சள் பை விதி வந்தது.

மற்ற வீடுகளுக்கு என்ன விதி? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் ஒரு யோசனை சொன்னது. கழற்றிய கவசத்தைக் காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். பிறகு வெட்டிவிட்டு, உலர்ந்த குப்பையோடு கொடுக்க வேண்டும்.

நல்ல யோசனைதான். ஆனால் எத்தனை வீட்டுக்கு இது தெரியும்? ஒரே அறையில் 5 பேர் படுத்து எழும் வீட்டில், அழுக்குக் கவசத்தை 3 நாள் எங்கே வைப்பது? பஸ் நிலையத்தில் கயிறு அறுந்தால் எந்தத் தொட்டியில் போடுவது?

ஆகவே, சோற்றுப் பருக்கையோடும் வெங்காயத் தோலோடும் கவசமும் போயிற்று. தெருவோரத்திலும் சாக்கடையிலும் கிடந்தது.

அதை எடுத்தவர் யார்? தூய்மைப் பணியாளர். அந்த 2020-ம் ஆண்டில்தான், துப்புரவுப் பணியாளர்கள் என்ற பெயரை மாற்றி, தூய்மைப் பணியாளர்கள் என்று தமிழ்நாடு அரசாங்கம் அழைத்தது. பல ஊர்களில் ஜனங்கள் அவர்களுக்கு மாலை போட்டார்கள். காலில் விழுந்து கும்பிட்டவர்களும் உண்டு. ஆனால் மறுநாள் காலையில், மாலை போட்ட வீட்டின் கவசமும் அதே குப்பைக் கூடையில்தான் கிடந்தது!

கவசத்தைத் தொட்டாலே கொரோனா ஒட்டிக்கொள்ளுமா? 2020-ல் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அந்தப் பயத்தோடுதான் பணியாளர் கையை நீட்டினார். அவருக்கும் வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். பிற்பாடு விஞ்ஞானிகள் ஆராய்ந்து, காற்றின் வழியாகத்தான் நோய் மிகுதியாகப் பரவுகிறது என்று தெளிவுபடுத்தினார்கள். கிருமி பட்ட பொருளை ஒரு தடவை தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு 10,000-ல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது.

ஆறுதலான செய்திதான். ஆனாலும் அது ஒருவரின் எச்சிலும் சளியும் ஊறிய பொருள். அதை இன்னொருவர் கையால் பொறுக்க வைப்பது நியாயமா?

காலில் சிக்கிய கயிறு

மனிதரோடு இது நிற்கவில்லை. 2020 ஜூலையில் இங்கிலாந்தின் செம்ஸ்போர்டு நகரத்தில் ஒரு கடற்பறவை நடக்க முடியாமல் தவித்தது. கவசத்தின் கயிறு அதன் இரண்டு கால்களையும் இறுக்கியிருந்தது. கால் வீங்கிவிட்டது. பிராணிகள் நலச் சங்கத்தார் கயிற்றை வெட்டிக் காப்பாற்றினார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் பிரேசில் கடற்கரையில் ஒரு பென்குவின் பறவை செத்துக் கிடந்தது. அறுத்துப் பார்த்தபோது, வயிற்றுக்குள் ஒரு என்-95 கவசம் சுருண்டிருந்தது.

ஏன் இப்படி?

கவசம் போடாதது ஊரார் கண்ணில் படும். எறிவது படாது. போடாவிட்டால் அபராதம் கேட்க ஆள் இருந்தது. எறிந்தால் கேட்க ஆள் இல்லை. போடுவதற்கு ரேஷன் கடையில் கவசம் கொடுத்தார்கள். எறிவதற்குத் தெருமுனையில் தனித் தொட்டி வைத்த ஊர்கள் குறைவு. ஜனங்களின் அசட்டை பாதி. ஏற்பாடு இல்லாதது பாதி.

அடுத்த தடவை ஒரு நோய் வந்தால், கவசம் விற்கும் கடையிலேயே பழையதை வாங்கும் தொட்டியும் இருக்க வேண்டும். பஸ் நிலையத்திலும் பள்ளிக்கூடத்திலும் இருக்க வேண்டும். பணியாளருக்கு மாலைக்கு முன்னால் நல்ல கையுறை வேண்டும். இவை அரசாங்கமும் நகராட்சியும் செய்ய வேண்டியவை.

வீட்டில் செய்ய வேண்டியது மிகச் சுலபம்:

கவசத்தின் முன்பக்கத்தைத் தொடாமல், காதுக் கயிற்றைப் பிடித்துக் கழற்ற வேண்டும்.

இரண்டு கயிறுகளையும் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். வெட்டினால் பறவையின் காலில் சிக்காது. கழுவி மறுபடி விற்கவும் முடியாது.

பழைய செய்தித்தாளில் சுற்றி, சமையல் குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

கொரோனா நெருக்கடி முடிந்துவிட்டதாக 2023 மே 5-ந் தேதி உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் கவசம் ஒழிந்துவிடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும், காசநோய் உள்ளவர்களும், புகையிலும் தூசியிலும் வேலை செய்கிறவர்களும் அதைப் போடுகிறார்கள். பழைய பிளாஸ்டிக் கவசங்களும் குப்பை மேட்டில் மட்காமல் கிடக்கின்றன.

முகக்கவசம் போடுவது தன்னைக் காக்க மட்டும் அல்ல. தன் இருமலும் தும்மலும் அடுத்தவர் மேல் படாமல் காப்பதற்கும்தான். அடுத்தவரைக் காக்கும் அந்தக் கடமை, கவசம் முகத்தை விட்டு இறங்கியதும் முடிந்துவிடாது. அது குப்பை வண்டி வரைக்கும் போக வேண்டும்.