யாருடைய மூச்சு நார்மல்?

கல்குவாரியில் இருபது ஆண்டு உடைத்த அப்பாவை ஸ்பைரோமெட்ரி பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். மூச்சை இழுத்துப் பிடித்து ஊதச் சொன்னார்கள். 84 சதவீதம். "80க்கு மேல நார்மல்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். மாடி ஏறினால் அப்பாவுக்கு இன்னும் இரைக்கிறது.

எதில் 84? அதே வயது, உயரம், பாலினமுள்ள ஆரோக்கியமானவர் எவ்வளவு ஊதுவார் என்ற கணக்கில். பல கருவிகள் இனத்தையும் கேட்டு வந்தன. கறுப்பர் என்று தட்டினால் எதிர்பார்க்கும் அளவே 10 முதல் 15 சதவீதம், ஆசியர் என்றால் 4 முதல் 6 சதவீதம் குறையும். நோயுள்ள மூச்சும் 'நார்மல்' ஆகிவிடும்.

இது அடிமை முறையின் எச்சம். சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், கறுப்பரின் நுரையீரல் கொள்ளளவு 20 சதவீதம் குறைவு, கட்டாய உழைப்பே அவர்களுக்கு மருந்து என்று எழுதினார். நம்மூர் 'பிறவித் தொழில்' பேச்சு நினைவுக்கு வருகிறதா? அமெரிக்க மார்பு நோய் சங்கம் இனத்தைக் கணக்கிலிருந்து எடுக்கச் சொன்னது 2023இல்தான்.

எடுத்தாலும் உயரம் இருக்கிறது. சிறுவயதில் பட்டினி கிடந்த உடல் உயராது. உயரம் குறைந்தால் எதிர்பார்ப்பும் குறையும். சேரியின் பசி கணக்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. போதாக்குறைக்கு, சிலிகோசிஸின் தொடக்கத்தில் இந்தச் சோதனை நார்மலாகவே வரலாம். நெஞ்சு எக்ஸ்ரேயும் வேண்டும், என்ன வேலை பார்த்தார் என்ற கேள்வியும் வேண்டும். அப்பாவிடம் அதை யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை எக்ஸ்ரேவுக்குப் போகிறோம். எந்த அட்டவணையோடு ஒப்பிட்டீர்கள் என்றும் கேட்கப்போகிறேன்.