வன்மை எது, மென்மை எது?

“ராக்கெட் பறக்கிறதா? அது அறிவியல் புனைகதை! சமுதாயத்தைப் பேசுகிறதா? அது மென்சரக்கு, தள்ளி வை!” என்று தராசு பிடிக்கும் தோழர்கள் நம்மிடையே பெருகி வருகின்றனர். பகுத்தறிவு பேசும் இளைஞர்களே இப்படித் தீர்ப்பு வழங்குவதுதான் வியப்பு. இயந்திரத்தைக் கண்டால் கைகூப்புவதும், மனிதனைக் கண்டால் முகம் சுளிப்பதும் பகுத்தறிவாகுமா? சிலைக்குப் பதில் சக்கரம், அவ்வளவே!

வன் அறிவியல் புனைகதை, மென் அறிவியல் புனைகதை என இரு கூறாகப் பிரித்தனர் மேனாட்டார். இயற்பியல், வேதியியல், வானியல் விதிகளுக்குக் கட்டுப்பட்டு எழுதப்படுவது முன்னது. சமூகவியல், உளவியல், மானிடவியல் ஆகியவற்றின் துணைகொண்டு மனித வாழ்வை ஆராய்வது பின்னது. ‘வன்’ என்னும் அடைமொழியை 1957இல் அமெரிக்கத் திறனாய்வாளர் ஷைலர் மில்லர் ஆண்டிருக்கிறார். ‘மென்’ என்பது 1970களில் எதிர்ச்சொல்லாக வந்து ஒட்டிக்கொண்டது. பெயர் பிந்தியது, பூசலோ முந்தியது! 1903இலேயே ஜூல்ஸ் வெர்ன், எச்.ஜி. வெல்ஸைச் சாடினார். தாம் பீரங்கி கொண்டு நிலவுக்கு ஆளனுப்ப, வெல்ஸோ புவியீர்ப்பை மறைக்கும் உலோகமொன்றைக் கற்பித்துக்கொண்டார். எங்கே அந்த உலோகம், காட்டட்டும் என்றார். (அந்தப் பீரங்கி முழங்கிய கணத்திலேயே உள்ளிருந்தோர் நசுங்கி மாண்டிருப்பர் என்பது வேறு செய்தி!)

அந்த வெர்னின் கற்பனை நம் கடலுக்கே வந்திருக்கிறது, தோழர்களே! 1869-70இல் வெளிவந்த ‘கடலடியில் இருபதாயிரம் லீக்’ புதினத்தில், நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கி மன்னார் வளைகுடாவை அடைகிறது. 70 மீட்டர் நீளமுள்ள அந்தக் கலத்தின் அறையையும் பொறியையும் மின்விசையையும் தச்சன் கணக்காக அளந்து சொன்ன வெர்ன், முத்துப் படுகையில் எதைக் காட்டுகிறார்? கல்லின் துணையால் ஒரே மூச்சில் மூழ்கிச் சிப்பி பறிக்கும் ஓர் ஏழையை! சுறா பாய்கிறது. கலத்தின் தலைவன் நெமோ கட்டாரியோடு குறுக்கிடுகிறான். பின்னர் முத்துப்பை ஒன்றை அந்த ஏழையின் கையில் வைக்கிறான். அவன் ஒடுக்கப்பட்ட நாட்டினன், இறுதி மூச்சுவரை நானும் அந்நாட்டினனே என்று பொருள்படப் பேசுகிறான். வன்மைக்கு முன்னோடி எனப் போற்றப்படுபவரே கலத்தை நிறுத்திவிட்டு ஒடுக்குமுறையைப் பேசுகிறார்! இதில் எந்தப் பக்கத்தை மென்சரக்கென்று கிழித்தெறிவீர்?

தூத்துக்குடியில் ஆசிரியப் பணி புரியும் எனக்கு இது வெறுங்கதையன்று. இங்கே ‘பார்’ என்றால் சிப்பிப் படுகை. ‘சலாபம்’ என்றால் முத்துக்குளிப்பு. மழைத்துளி சிப்பியில் விழுந்து முத்தாகிறது எனக் கதைத்தனர் அன்று. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகச் சொன்னோர்க்கு, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு போயிற்று என 13ஆம் நூற்றாண்டின் மார்க்கோ போலோ குறித்து வைத்திருக்கிறார். மூச்சடக்கியவன் ஒருவன், முத்தில் பங்கு கேட்டவன் வேறொருவன்! 1961ஆம் ஆண்டோடு இங்கு சலாபம் ஓய்ந்தது. 1973இல் இதே ஊரில், மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர் அழகர்சாமி, உயிருள்ள சிப்பிக்குள் ஓட்டில் கடைந்த சிறுமணியையும் மற்றொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் வைத்து முத்து விளைவித்துக் காட்டினார். மழைத்துளிக் கதை மடிந்தது! மணியின் மீது படலம் படியும் விதத்தை எழுதினால் அது வன்புனைவு. மனிதன் கையால் முத்து விளையும் நாளில், மூழ்கிப் பிழைத்தவனின் மகன் என்ன ஆவான் என எழுதினால் அது மென்புனைவு. இரண்டாம் வினா எளிதென எண்ணுவோர் எங்கள் கடற்கரைத் தெருவுக்கு வந்து விடை சொல்லட்டும்!

1905இல் சென்னையிலிருந்து வந்த ஆங்கில மகளிர் இதழில், ரொக்கையா என்னும் வங்க நங்கை ‘சுல்தானாவின் கனவு’ தீட்டினார். கதிரவனின் வெப்பத்தைத் திரட்டிப் பகைவரை விரட்டுகின்றனர் பெண்கள். கருவியின் நுட்பம் அதில் கடுகளவே. ஆயினும், வீட்டுக்குள் அடைபட்டோர் ஆண்களாக இருந்தால் நாடு எப்படியிருக்கும் என்ற ஆய்வு எஃகுபோல் நிற்கிறது.

1940களில் பெரியார் ‘இனிவரும் உலகம்’ பற்றிப் பேசினார். கம்பியில்லாத் தந்திக் கருவி சட்டைப்பையில் இருக்கும் என்றாரே, அதைச் சொல்லிச் செல்பேசியை உயர்த்திப் பிடித்துக் களிக்கிறோம். அதே பேச்சில் இழிவேலை இராது, அடிமைத்தன்மை இராது என்றாரே! கருவி வந்துவிட்டது. மற்றது வந்ததா?

ஒன்றில் மட்டும் தராசுத் தோழர்களோடு உடன்படுகிறேன். புட்பக விமானமே பழங்கால வானூர்தி எனக் கதைகட்டி, மென்மை என்னும் வேலியிடுக்கில் நுழைய முயல்வோர் உளர். சமூகவியலும் உளவியலும் காரண காரியம் கேட்கும் துறைகள்; புராணமோ கேட்பவனைச் சபிக்கும். அவர்களை விரட்டுங்கள், நானும் உடன் வருகிறேன்.

2024 பிப்ரவரியில் நம் குலசேகரன்பட்டினத்தில், 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினர். துருவப் பாதைக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவினால் இலங்கையைத் தவிர்க்க வளைந்து செல்லவேண்டும். இங்கிருந்து நேரே தெற்கே பாயலாம். அந்த வளைவில் வீணாகும் எரிபொருளைக் கணக்கிட்டு என் மாணவன் கதை எழுதட்டும். ஏவும் நாளில் கடலுக்குப் போகாதே என்று அறிவித்தால், மணப்பாட்டு மீனவன் கரையில் அமர்ந்து போடும் கணக்கையும் அவனே எழுதட்டும்: அன்றைய பாடு எவ்வளவு, படகுக் கடன் எவ்வளவு, ஈடு தருபவர் யார்?