பொட்டலத்தில் இருப்பது பொடியல்ல, உயிர்

நடவுக்கு முந்தின நாள் வேளாண் டிப்போவுக்குப் போகும் டெல்டா விவசாயி, யூரியா மூட்டையோடு நாலு பொட்டலம் அசோஸ்பைரில்லமும் வாங்கி வருகிறார். உச்சி வெயிலில் வண்டியின் பின்னால் கட்டிய பொட்டலம் வீடு வந்து சேர்கிறது. திண்ணையில் யூரியா மூட்டையின் மேலேயே அதற்கும் இடம். மறுநாள் காலை இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து ஒரே வீச்சில் வீசியாகிறது. ஓர் ஆள் கூலி மிச்சம்! அறுவடையில் அடுத்த வயலுக்கும் இதற்கும் ஒரு மரக்கால் கூட வித்தியாசம் இல்லை. "அது உரமில்லை ஐயா, வெறும் கரித்தூள்" என்று டீக்கடையில் தீர்ப்பு சொல்லப்படுகிறது.

தீர்ப்பில் பாதி உண்மை இருக்கிறது. வயலுக்குப் போய்ச் சேரும்போது அது கரித்தூளாகத்தான் இருந்தது.

நுண்ணுயிர் உரத்தை உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் மத்திய அரசு 2006இல் கொண்டு வந்தது. அந்த ஆணைப்படி பொடி வகையில் கிராமுக்கு 5 கோடி உயிருள்ள பாக்டீரியாவாவது இருக்க வேண்டும். அப்படியானால் 200 கிராம் பொட்டலத்தில் 1,000 கோடி. கரித்தூள் அவற்றைத் தாங்கி வரும் வாகனம் மட்டுமே. வெயிலில் வைத்தால் அவை சாகும். யூரியாவோடும் பூச்சிமருந்தோடும் கலந்தால் சாகும். தேதி கடந்தாலும் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். யூரியா மூட்டை ஒரு வருடம் மூலையில் கிடந்தாலும் யூரியாதான். இது அப்படியல்ல, பால் பாக்கெட் போல என்று எண்ணிக்கொண்டால் பாதித் தவறுகள் தாமே குறைந்துவிடும்.

அடி உரம் போட்ட அன்றே இதையும் போடக்கூடாது. சில நாட்கள் இடைவெளி வேண்டும். நெல் வயலுக்கு ஏக்கருக்கு 4 பொட்டலம் அசோஸ்பைரில்லம், 4 பொட்டலம் பாஸ்போபாக்டீரியா இரண்டையும் 10 கிலோ மக்கிய தொழு உரம், 10 கிலோ மணலோடு கலந்து, மாலை வேளையில் ஈர வயலில் தூவுவதே முறை. விதை நேர்த்தியில் பூஞ்சாணக் கொல்லி கலப்பவர்கள் முதலில் அதைக் கலந்து, 24 மணி நேரம் கழித்தே நுண்ணுயிர் உரத்தை ஆறிய கஞ்சியில் கலக்கி, விதையில் பூசி நிழலில் உலர்த்த வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் பலன் தெரியாத வயல்கள் உண்டு. அங்கே குறை பொட்டலத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது. ஆயிரம் கோடி உயிரை இறக்கிவிட்டால் போதுமா? அவற்றுக்குச் சாப்பாடு? மண்ணில் மக்கும் இலை, தழை, எருதான் பெரும்பாலான நுண்ணுயிர்களுக்கு உணவு. முன்பு தொழுவத்திலிருந்து வண்டி வண்டியாக எரு போனது. இன்று மாடு குறைந்துவிட்டது. இயந்திரம் அறுத்துப்போட்ட வைக்கோலும் கட்டுக் கட்டாக லாரி ஏறிப் போகிறது. மீதி தாளுக்குத் தீ வைப்பவர்களும் இருக்கிறார்கள். பட்டினி மண்ணில் குடியேறிய விருந்தாளி எத்தனை நாள் தாங்கும்?

கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிரந்தர எரு ஆய்வு வயல் நூறாண்டு கடந்தும் நடந்து வருகிறது. தழைச்சத்தை மட்டும் கொட்டிய மண்ணைவிட, தொழு உரமும் சரிவிகித ரசாயன உரமும் கண்ட மண்ணே வளம் குன்றாமல் நிற்கிறது என்பதே அங்கிருந்து கிடைக்கும் பாடம். ரசாயன உரத்தை அடியோடு விட்டுவிடு என்று மேடையில் பேசுவது எளிது. ஒரு போக வருமானத்தில் குடும்பம் நடத்துபவரிடம் அதைச் சொல்வது நியாயமல்ல. அசோஸ்பைரில்லமும் முழுத் தழைச்சத்தைத் தந்துவிடாது. சிபாரிசில் கால் பங்கு வரை குறைக்க உதவலாம் என்பதே அளவான பேச்சு. ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து என்றால் 45 கிலோ யூரியாவில் சுமார் மூன்று மூட்டை. அதில் முக்கால் மூட்டை குறையும்.

மானிய விலை யூரியாவில் முக்கால் மூட்டை என்ன பெரிய காசு என்று கேட்கலாம். கேள்வி சரிதான். லாபம் அங்கே இல்லை. அளவு மீறிய யூரியாவால் கரும்பச்சையாகச் செழித்த பயிருக்குத்தான் இலைச்சுருட்டுப் புழுவும் குலை நோயும் முதலில் வருகின்றன. கதிர் பிடித்ததும் சாய்வதும் அதுதான். மருந்துச் செலவையும் சாய்ந்த பயிரை அறுக்கும் செலவையும் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பம்புசெட் உள்ளவர்களும் கோடை மழை கிடைத்தவர்களும் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் மண்ணுக்குச் சாப்பாடு கிடைத்துவிடும். தக்கைப்பூண்டின் வேர் முடிச்சே காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைப்பது கூடுதல் லாபம். அதன்மேல் பொட்டலம் போட்டால்தான் அதன் வேலை தெரியும். குத்தகைக்காரர் மட்டும் தயங்குகிறார். அடுத்த வருடம் நிலம் தம்மிடம் இருக்குமா என்று தெரியாதவர், மண்ணுக்காக 45 நாள் செலவழிப்பாரா? 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் மண்ணுயிர் காக்கும் திட்டம் அறிவித்துப் பசுந்தாள் விதை வழங்க முன்வந்த அரசு, சிட்டா கையில் இல்லாத இவருக்கும் அது கிடைக்க வழி செய்ய வேண்டும். மண்ணை உழுபவர் அவர்தானே.

டிப்போக்களும் மாற வேண்டும். தகரக் கூரையின் கீழ் வெந்து கிடக்கும் பொட்டலம், நடவு முடிந்த பிறகு வந்து சேரும் பொட்டலம், இலக்கை முடிக்க விதையோடு தலையில் கட்டப்படும் பொட்டலம் மூன்றும் ஒன்றுதான். விவசாயி தயங்காமல் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும். கடந்ததை மறுக்க வேண்டும்.

நெல் தரிசில் உளுந்து விதைப்பவர்களுக்குச் சோதனை கையிலேயே இருக்கிறது. உளுந்துக்கென்று உள்ள ரைசோபியம் பொட்டலத்தைக் கேட்டு வாங்கி விதையில் கலக்கட்டும். காலி உறையைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்தட்டும். முப்பதாம் நாள் நாலு செடியை மண்ணோடு தோண்டி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது. முடிச்சே இல்லாமலோ, உள்ளே வெளிறியோ இருந்தால், அந்தச் செடியையும் காலி உறையையும் எடுத்துக்கொண்டு நேரே டிப்போவுக்குப் போய் விளக்கம் கேட்கலாம்.